அத்தி மரத்துக்குக் கிழக்கே பெய்த மழை

அந்த ஊருக்குள் மழை நுழைய ஒரே ஒரு வழிதான் உண்டு. மேற்கே இரண்டு குன்றுகள். நடுவில் இரண்டு லாரி ஒன்றையொன்று திட்டிக்கொண்டு கடக்கும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் வாசல். மற்ற மூன்று பக்கமும் மேடு. வாசலில் கறுத்தால் அரை மணி நேரத்தில் மழை. வாசல் வெளுத்துக் கிடந்தால் தலைகீழாக நின்றாலும் ஒரு சொட்டு விழாது. வருகிற மழையும் மரியாதையாக மேலிருந்து கீழே விழாது. இடுக்கில் முண்டியடித்து வரும் காற்று அதைப் படுக்கைவாட்டில் தள்ளிக்கொண்டு வரும். அதனால் அங்கே எந்த வீட்டுக்கும் மேற்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. வெளியூரிலிருந்து குடிவந்த ஒருவர் ஆசைப்பட்டு மேற்கே ஜன்னல் வைத்தார். முதல் மழையிலேயே கட்டிலோடு நனைந்தார். மறுவாரம் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தார்.

ஊருக்கு வரலாறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ராஜா வந்தார், சண்டை நடந்தது என்று ஒரு மண்ணும் கிடையாது. கால்வாய் வெட்ட வந்த ஒரு கூட்டம், கால்வாய் பாதியில் நின்றுபோனதும் திரும்பிப் போகச் சோம்பல்பட்டு அங்கேயே தங்கிவிட்டது. கிழக்கு மேட்டில் வீடு கட்டினார்கள். நடுவில் கிண்ணம் போலக் கிடந்த கறுப்பு மண்ணில் சோளம் போட்டார்கள். கிண்ணத்தின் அடியில் ஓர் ஓடை. ரயில் விடுகிறோம் என்று யாரோ வந்து வரிசையாகக் கோல் நட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதே கோல்களைப் பிடுங்கிக்கொண்டு போய் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நட்டார்கள். பள்ளிக்கூடம் வந்தது, போனது. பஸ் வந்தது, அதுவும் போனது. நிழற்குடையை மட்டும் விட்டுவிட்டுப் போனது. வந்ததில் போகாமல் தங்கியது ஒரு மழைமானிதான்.

மழைமானி என்றால் ஏதோ எந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு புனல், புனலுக்கு அடியில் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். அதை முதலில் பார்த்துக்கொண்டவர் ஒரு தபால்காரர். அவருக்குக் கண் மங்கியதும், "நாலு ஏக்கர் வச்சிருக்க, காலைல எங்கயும் போக மாட்ட, நீயே பாத்துக்க" என்று அளவுக் குவளையை ஒருவர் கையில் திணித்துவிட்டுப் போனார். திணிக்கப்பட்டவருக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. இப்போது அறுபத்தெட்டு. நடுவில் ஊர் அவருடைய பெயரை மறந்தே போய்விட்டது. மழைக்காரர் என்றால்தான் தெரியும்.

தினமும் காலை எட்டரை மணிக்குப் புனலைத் தூக்கி, பாத்திரத்துத் தண்ணீரைக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, நோட்டில் எழுதி, வானிலை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் போனார். கால் சுளுக்கிக்கொண்டபோது நொண்டிக்கொண்டு போனார். மனைவி இறந்த அன்றும் போனார். அதற்காக அவரைக் கல்நெஞ்சன் என்று ஏசியவர்கள் உண்டு. அன்றைக்கு மழை இல்லை. பூஜ்யம் என்று எழுதி மூடி வைத்துவிட்டு, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை.

ஊர் அந்த நோட்டை நம்பிய நம்பிக்கை இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எப்போது விதைப்பது, எதை விதைப்பது, எல்லாம் நோட்டைக் கேட்டுத்தான். ஒரு முறை ஓடை பெருகி, பக்கத்து வீட்டு ஆட்டுக்காரரின் பட்டி வரை வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் கத்தினார்.

"மழைக்காரரே, நோட்டுல எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு மில்லிமீட்டர்."

"முப்பத்தஞ்சுதானா? அப்ப ஒண்ணும் பெரிய மழை இல்ல" என்று சொல்லிவிட்டு, நனைந்த குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுக்காரர் நீந்தாத குறையாகக் கரையேறினார். கண்ணால் பார்த்ததை நோட்டைக் கேட்டு ஒதுக்கிவைக்கிற ஊர் அது.

மழைக்காரருக்கு ஒரே மகள். தாய் போன பிறகு நிலத்தை அவள்தான் பார்த்தாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று. சும்மா சொல்லக்கூடாது, அந்த நாலு ஏக்கர் அவள் கைக்கு வந்த பிறகுதான் நிலமாயிற்று. ஓடையோரத் துண்டில் வெங்காயம் போட்டாள். வருவோர் போவோரெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிற மாதிரி விளைந்தது. மூன்றாம் வருஷ முடிவில் ஒரு காலை, நோட்டை எடுத்துவந்து அப்பாவின் முன்னால் விரித்து வைத்தாள்.

"நீங்களே பாருங்கப்பா. அறுநூத்தி நாப்பது பெய்ஞ்ச ஊரு. அப்புறம் ஐநூத்தி முப்பது. அப்புறம் நானூத்தித் தொண்ணூறு. போன வருஷம் நானூத்தி அம்பத்தஞ்சு. இந்த மண்ணை நம்பி நான் எப்படி இருக்கிறது?"

எல்லாம் அவருடைய கையெழுத்து. பதினைந்து பேர் பஞ்சாயத்துக்கு வந்து சொல்லியிருந்தால்கூட மல்லுக்கு நின்றிருப்பார். தன் கையெழுத்தோடு யார் மல்லுக்கு நிற்பது? "சரிம்மா" என்றார். அந்த வாரமே அவள் ஆறு மணி நேரத் தொலைவில் ஒரு நகரத்துக்குப் போய், காய்கறிகளை அடுக்கிவைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு அங்கேயே கல்யாணம், குழந்தை. அவள் போன அன்று, நோட்டில் குறிப்பு என்று போட்டிருந்த கட்டத்தில் 'மகள் ஊரை விட்டுப் போனாள்' என்று எழுதினார். வானிலைக்குச் சம்பந்தமில்லாததை எழுதக்கூடாது என்று விதி. நினைவு வந்ததும் ஒரு கோடு போட்டு அடித்தார்.

அது நடந்து பதினோரு வருஷம். ஒரு காலத்தில் நாற்பத்தொரு வீடு இருந்த ஊர், அவள் போகும்போதே பாதிக்கு மேல் காலி; இப்போது விளக்கு எரிவது ஒன்பது வீட்டில். மழைக்காரர் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று குறுக்கிக்கொண்டார். சோறு மீந்தால் மறுநாளும் அதையே சாப்பிட்டார். நிலத்தைப் பாதிக்கு மேல் சும்மா போட்டார். சில நாட்களில் காலையில் நிழற்குடையிலிருந்து அலுவலகத்துக்கு அளவைச் சொல்வதுதான் முதல் பேச்சு, அதுவே கடைசிப் பேச்சும். ரேடியோவில் யாராவது "வணக்கம்" என்றால் பதிலுக்கு வணக்கம் சொல்லுகிற நிலைக்கு வந்துவிட்டார். இதைத் தானே ஒருநாள் கவனித்து, வெட்கப்பட்டு, ரேடியோவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இரண்டு நாள் கழித்துத் திறந்தார். என்ன செய்வது, ஆள் வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மகளோடு பேசுவார். கிண்ணத்துக்குள் போனுக்குச் சிக்னல் கிடையாது. பஸ் வராத அந்த நிழற்குடையில் போய் உட்கார்ந்தால் கிடைக்கும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று அவள் கேட்பாள். வாரத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று அவர் சொல்வார். பத்து நிமிஷம். திரும்பி வந்துவிடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வாய் வரை வரும். மழை இல்லாத இடத்துக்கு வா என்று பெற்ற பிள்ளையை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று விழுங்கிவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. குள்ளம், ஆனால் குரல் ஊருக்கே கேட்கும். மழைமானியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"வேலி கச்சிதம். புல்லு வெட்டியிருக்கீங்க. புனல்ல ஒரு தூசி இல்ல. என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா யாரும் வச்சு நான் பாத்ததில்லைங்கய்யா."

மழைக்காரர் அந்த இடத்திலேயே ஓரங்குலம் வளர்ந்தார். அப்போதுதான் அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ன மரம்?"

"அத்தி, மேடம். யாரும் நடலை, ஏதோ பறவை போட்டது. சாயங்காலம் நல்ல நிழல். இங்கதான் உக்காருவேன்."

"இங்க மழை எந்தப் பக்கமா வரும்?"

"அதோ, வாசல் வழியா, மேற்கேயிருந்து" என்று உற்சாகமாகக் கையை நீட்டினார். கை நேராக அத்தி மரத்தைக் காட்டியது. நீட்டிய கையை மடக்க மறந்து அப்படியே நின்றார்.

"மரம் எவ்வளவு உயரமோ, அதுல ரெண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்கணும்யா. இது நாலு எட்டுல நிக்குது. சாஞ்சு வர்ற மழையில ஒரு பங்கை இதுவே மறிச்சிட்டு, மிச்சத்தைத்தான் உங்க புனலுக்கு விட்டிருக்கு. மரத்துக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு" என்றார் மழைக்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

இன்ஸ்பெக்டர் நோட்டுகளைப் புரட்டினார். மரம் வளர வளர அளவு இறங்கிக்கொண்டே வந்திருந்தது. முதலில் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம்.

"அப்ப மழை குறையலையா, மேடம்?"

"குறைஞ்சிருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கய்யா. பதினஞ்சு வருஷக் கணக்கைத் தள்ளித்தான் ஆகணும். உங்களைக் குத்தம் சொல்லலை. இத்தனை வருஷமா நாங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே, எங்க மேலயும் தப்பு."

மழைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. முப்பத்து நாலு வருஷமாக ஒரு நாள் தவறாமல் குனிந்து குனிந்து குவளையைப் பார்த்த மனுஷன், ஒரே ஒரு நாள் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கவில்லை! அவமானத்தில் காது சுட்டது. அந்த அம்மாள் ஜீப்பிலிருந்து இன்னொரு மழைமானியை இறக்கி, "இதைத் திறந்த வெளியில வைங்க. இந்த மழைக்காலம் முடியற வரைக்கும் ரெண்டையும் அளந்து எழுதுங்க. அதுவரைக்கும் மரத்தை வெட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவர் மரத்தடியில் உட்காரவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தார். அவமானத்துக்கு அடியிலிருந்து இன்னொரு நினைப்பு மெல்லத் தலைதூக்கியது. மழை குறையவே இல்லையென்றால்? நோட்டைக் காட்டித்தானே மகள் போனாள்? நோட்டே பொய் என்றால், அவள் போனதற்குக் காரணமே இல்லையே! எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

புது மழைமானியை மகளின் வெங்காயத் துண்டின் நடுவில் வைத்தார். முதல் மழைக்குப் பழசில் ஒன்பது, புதுசில் பதினைந்து. இரண்டாவதுக்கு இருபத்திரண்டு, முப்பத்து நாலு. ஐந்து மாதம் இரண்டு இடத்துக்கும் நடந்தார். கடைசியில் கூட்டிப் பார்த்தால், மரத்துக்குக் கிழக்கே நானூற்றுப் பதினெட்டு. திறந்த வெளியில் அறுநூற்று முப்பத்தேழு. மூன்று முறை கூட்டினார். மூன்று முறையும் அதேதான். அந்த ஊருக்கு எப்போதும் பெய்த மழைதான் இப்போதும் பெய்துகொண்டிருந்தது.

ஆட்டுக்காரரிடம் சொன்னார். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"அப்ப அன்னிக்கு என் பட்டில முழங்கால் தண்ணி இருந்துச்சே, அது நெசந்தானா?"

"நெசந்தான்யா."

"அப்பாடா! எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு இத்தனை வருஷமா வெளிய சொல்லாம வச்சிருந்தேன்."

அதன் பிறகு மழைக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. துருப்பிடித்துக் கிடந்த கிணற்று மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்தார். டிராக்டரை வரவழைத்து வெங்காயத் துண்டை உழுதார். மகளின் அறையில் அடுக்கியிருந்த சாக்குகளை வெளியே இழுத்துப் போட்டு, தரையைக் கழுவி, அவள் கட்டிலில் புது விரிப்புப் போட்டார். பேத்திக்கு என்று இன்னொரு தலையணையும் வைத்தார். வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரர், "பொண்ணு வர்றேன்னு சொல்லிடுச்சா?" என்றார்.

"இன்னும் கேக்கலை. ஞாயித்துக்கிழமை கேப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே நிழற்குடைக்குப் போய்விட்டார். மடியில் பழைய நோட்டும் புதுசும், சட்டைப் பையில் பென்சில். நாலு மணிக்கு போன் அடித்தது. சாப்பிட்டீங்களா என்று அவள் தொடங்குவதற்குள் இவர் முந்திக்கொண்டார். மரம், இன்ஸ்பெக்டர், இரண்டாவது மழைமானி எல்லாவற்றையும் மூச்சு வாங்காமல் கொட்டினார்.

"அறுநூத்தி முப்பத்தேழும்மா! உங்கம்மா இருந்தப்ப பெய்ஞ்ச அதே மழை. குறையவே இல்ல. நான்தான் தப்பா எழுதியிருக்கேன். என் தப்பான நோட்டை நம்பித்தானே நீ கிளம்பிப் போன? மோட்டாரைச் சரி பண்ணிட்டேன். ஓடையோரத்தை உழுது போட்டாச்சு. உன் ரூம்கூட..."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"அப்பா" என்றாள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மரம். அப்பவே தெரியும்."

அவருக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள்.

"கிணத்துல தண்ணி இறங்கலை. ஓடை வத்தலை. உங்க நோட்டுல மட்டும் மழை குறைஞ்சுட்டே போகுதேன்னு எனக்குச் சந்தேகம். மோட்டார் ரூம் மேல ஒரு பால்மாவு டப்பாவை வச்சு, ஸ்கேலை விட்டு அளந்தேன். ரெண்டு வருஷம் அளந்தேன்பா."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா மரத்தை வெட்டியிருப்பீங்க."

"வெட்டித்தான் இருப்பேன்."

"நான் அங்கயே இருந்திருப்பேன்."

அவளே தொடர்ந்தாள். இத்தனை வருஷம் அடைத்து வைத்ததாலோ என்னவோ, நிறுத்தாமல் பேசினாள்.

"அம்மா போனதுக்கப்புறம் மூணு வருஷம்பா. உங்களையும் ஆட்டுக்கார மாமாவையும் விட்டா முகம் பாத்துப் பேச ஆளில்லை. நீங்களும் காலைல மழை, மத்தியானம் மழை, சாப்பாட்டுலயும் மழை. சில நாள் வயல்ல நின்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா எண்ணுவேன். என் குரல் எனக்குக் கேக்குதான்னு பாக்கத்தான். மழை இல்லைன்னு சொன்னா நீங்க விடுவீங்க. மனுஷங்க இல்லைன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பதினோரு வருஷம்! பதினோரு வருஷமாக ஒரு பொய்க் கணக்கை உண்மை என்று சுமக்க விட்டாளே. நறுக்கென்று ஏதாவது கேட்டுவிட வாயைத் திறந்தார். ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. விட்டிருக்க மாட்டார். இத்தனை வீடு இருக்கே, மனுஷங்களுக்கு என்ன குறைச்சல் என்று சத்தம் போட்டு உட்கார வைத்திருப்பார். ரேடியோவுக்கு வணக்கம் சொல்கிற ஆளாக அவளையும் ஆக்கியிருப்பார். கோபம் எப்படி வந்ததோ அப்படியே இறங்கிவிட்டது. அது இறங்கிய இடத்தில் மிச்சம் இருந்தது மிகவும் வலித்தது.

"கோவமாப்பா?"

"தெரியலைம்மா." மடியிலிருந்த நோட்டைத் தடவிக்கொண்டே, "நான் கழுவி வச்ச ரூம் சும்மா இருக்கட்டும். லீவுக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார்.

"வர்றேன்பா."

இரண்டு பேருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை. எதிரே சாலை வெறிச்சென்று கிடந்தது. மழைக்காரர் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அந்த டப்பாக் கணக்கு இருக்கா?"

"இருக்கு. எதுக்குன்னே தெரியலை, வரும்போது எடுத்துட்டு வந்துட்டேன்."

"எடு. சொல்லு, எழுதிக்கிறேன். மேடம் தள்ளச் சொன்ன வருஷத்துக்கெல்லாம் சரியான கணக்கு இல்ல."

மேஜை டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவள் மாதம் மாதமாக வாசித்தாள். ஜூன் எழுபத்தொண்ணு. ஜூலை நூத்திப் பதினாலு. அவர் தன் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் அவளுடையதைப் பொடியாக எழுதினார். ஆகஸ்டை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். "நூத்தி எம்பத்தாறுப்பா, சரியாத்தான் அளந்தேன்" என்று அவள் கொஞ்சம் ரோஷத்தோடு சொன்னாள். "சரி சரி" என்றார். முதல் வருஷம் முடிந்தது, அறுநூற்று இருபத்தெட்டு. இரண்டாவது வருஷமும் முடிந்தது, அறுநூற்று ஐம்பத்தொன்று. இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அப்பாவும் மகளும் போனில் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. மழைக்காரர் எச்சில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"ம். அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் அங்க இல்லையேப்பா."